தொட்டுப் பார்க்கும் விரல்

“முழிச்சிருக்கு,” என்றாள் அண்ணி.

“எது அண்ணி?”

“எதுன்னு கேக்குறா பாரு. நீயும் நானும் வேற எதைப் பாத்துப் பொழைக்கிறோம்? கோழிதான். கண்ணைத் தொட்டா சிமிட்டுது. ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா சிமிட்டுது.”

“அளவை இப்பத்தானே மாத்தியிருக்கோம். கொஞ்ச நாள்ல சரியாயிடும்.”

“எப்படிச் சரியாகும்? கோழிக்குப் பழகிடுமா?”

சொல்லிவிட்டு அண்ணியே சிரித்தாள். சாப்பாட்டு டப்பாவை மூடியபின் அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை. “நான் சொன்னா, கண் டாக்டர் உளறுறான்னு மேஸ்திரி சிரிக்கிறான். முதலாளி உன் பேச்சைக் கேப்பார். கரண்ட்டைக் கூட்டச் சொல்லு. இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. இதை மட்டும் கேக்குறேன்.”

“சொல்றேன் அண்ணி.”

தொழிற்சாலையின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து பேசிய பேச்சு அது. சாமான்கள் ஏற்றிய வண்டியில் கணவனுக்குப் பக்கத்தில், மடியில் மகளை வைத்துக்கொண்டு அண்ணியின் வீட்டுக்குக் குடிவந்தபோது அவளுக்கு அது தானாகவே நினைவில் ஓடியது. அண்ணி என்பவள் அவள் கணவனின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள். பெற்றவர்கள் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தாள். அவள் இறந்துபோனபின் வீடு பூட்டிக் கிடந்தது. தொழிற்சாலைக்குப் பக்கம், வாடகையும் இல்லை, பாப்பாவுக்கு ஓடியாட இடமும் இருக்கிறது என்று கணவன் பலமுறை சொல்லிப் பார்த்தான். மறுக்க அவளிடம் வெளியே சொல்லக்கூடிய காரணம் எதுவும் இல்லை.

சந்தின் கடைசியில் இருந்தது வீடு. கதவு ஈரத்தில் ஊதிப்போய்த் தோளால் முட்டித்தான் திறந்தது. உள்ளே மூன்று அறைகள். நெடுநாள் பூட்டிக் கிடந்த இடத்தின் வாடை வந்தது. ஊறிய சுவர், மடித்து வைத்த துணி, எண்ணெய் காய்ந்த விளக்கு. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. நனைந்த இறகு வெந்நீரில் சூடாகும்போது எழும் வாடை. தொழிற்சாலையில் அதற்கு நடுவில்தான் நாள் முழுக்க நிற்கிறாள். அங்கே அது மூக்கில் ஏறுவதே இல்லை. இங்கே ஏறியது.

சமையலறை ஆணியில் அண்ணியின் ரப்பர் கையுறைகள் தொங்கின. வலது கையுறையில் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் கத்தரிக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு விரல் வெறும் தோலாக இருந்தால்தான் சிமிட்டல் தெரியும் என்பாள் அண்ணி.

அவள் வேலையே அதுதான். கால்களைக் கொக்கியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கும் கோழிகள் வரிசையாக நகர்ந்து வரும். வழியில் மின்சாரம் பாயும் தண்ணீர்த் தொட்டியில் அவற்றின் தலைகள் முங்கி எழும். அதோடு நினைவு போய்விட வேண்டும். அதன்பிறகுதான் கத்தி. தொட்டிக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு சின்ன மேடை. அதில் நின்று, கடந்துபோகும் கோழியின் கண்ணோரத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பாள் அண்ணி. இமை அசையாவிட்டால் அதற்கு எதுவும் தெரியாது, போகலாம். சிமிட்டினால் முழித்திருக்கிறது, உடனே மணியடித்து வரிசையை நிறுத்த வேண்டும். லைனில் இருப்பவர்கள் அவளுக்குக் கண் டாக்டர் என்று பேர் வைத்திருந்தார்கள். “கண்ணாடி போட வேண்டியதா, ஆபரேஷன் பண்ண வேண்டியதான்னு சொல்லிடுவேன்” என்று அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் கறியின் தரம் பார்ப்பவள்தான் இப்போது குடிவந்தவள். லேப் அம்மா என்பார்கள். அந்த லேப் அம்மாவைத் தன் தம்பிக்குப் பார்த்துப் பேசி முடித்தவளும் அண்ணிதான். “எங்க வீட்டுல எல்லாருக்கும் மனசு இருக்கு, மூளைதான் இல்ல. நீ வந்தா சரியாயிடும்” என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். அவள் சொன்ன மாதிரிதான் நடந்தது. மூளை வந்து சேர்ந்தது.

பெரிய கடைகளுக்கு நெஞ்சுக்கறி வாங்கிக்கொண்டு போகும் வியாபாரி ஒருவர் வந்தார். கறியில் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன என்று பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார். மின்சாரம் பலமாக இறங்கும்போது கோழியின் தசைகள் ஒரேயடியாக இறுகும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெடிக்கும். சிலவற்றில் நெஞ்சின் கவை எலும்பும் முறியும். புள்ளிகள் அதனால் வருபவை. மின்சாரத்தைக் குறைத்து அதன் அதிர்வெண்ணை ஏற்றினால் புள்ளி வராது என்று லேப் அம்மா சொன்னாள். செய்து பார்த்தார்கள். நெஞ்சுக்கறி பால்போல வந்தது. வியாபாரி கைகுலுக்கினார். முதலாளி எல்லார் முன்னாலும் அவளைக் கெட்டிக்காரி என்றார். கண்ணாடிச் சுவர் வைத்த தனி அறை கிடைத்தது.

குறைந்த மின்சாரத்தில் மயக்கம் ஆழமாக இருக்காது, சீக்கிரம் தெளிந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். படித்திருக்கிறாள். கூண்டோடு வாயு அறைக்குள் அனுப்பித் தூங்கவைக்கும் முறை ஒன்று உண்டு. அதில் கறியும் கெடாது, கோழியும் கத்திக்கு முன்னால் கண் விழிக்காது. அதற்குச் செலவு அதிகம். அடுத்த வருஷம் பார்ப்போம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த ‘அடுத்த வருஷம்’ என்ற சொல்லின் நிழலில் அவள் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டாள்.

குடிவந்த வீட்டில் முதல் நாள் மதியம்.

காலை ஷிப்ட் முடித்து வந்து, பாப்பாவுக்குச் சோறு ஊட்டிப் படுக்கவைத்து, அவளும் பக்கத்தில் சாய்ந்தாள். சன்னலுக்கு வெளியே வெயில். எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம். உடம்பு கனத்து, நினைவு மெல்ல நழுவிய அந்த இடத்தில், இடது கண்ணின் ஓரத்தை ஏதோ தொட்டது.

ஈரமாக இருந்தது.

குளிர்ந்திருந்தது.

ஒரு விரல் நுனி.

அழுத்தவில்லை. தட்டவில்லை. வெறுமனே தொட்டு, பொறுமையாகக் காத்திருந்தது.

அவள் சிமிட்டவில்லை. ஏன் சிமிட்டவில்லை என்று பின்னால் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். பயந்தவள் அலறியிருப்பாள், துள்ளி எழுந்திருப்பாள். அவள் செய்தது வேறு. இமைகளைக் கல்லாக்கி, மூச்சைச் சீராக விட்டு, தூங்குகிறவள்போலவே கிடந்தாள். முழித்திருப்பது தெரிந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விரல் போய்விட்டது. இறகு வாடை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

அதன்பிறகு எப்போது கண் அயர்ந்தாலும் வந்தது. பேருந்தில் தலை சாயும்போது. உணவு இடைவேளையில் மேசையில் கவிழ்ந்தால். விடியற்காலையில் அடுப்பை மூட்டுவதற்கு முன் இன்னும் கொஞ்ச நேரம் என்று புரண்டு படுத்தால். ஒவ்வொரு முறையும் அதே பொறுமை. ஒவ்வொரு முறையும் அவள் அசையாமல் கிடந்து அதை ஏமாற்றினாள். நாளாக நாளாக நன்றாகவே நடிக்கக் கற்றுக்கொண்டாள்.

கையுறைகளைக் காகிதத்தில் சுற்றித் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். கணவன் கேட்டதற்கு, பழசு, பூஞ்சை பிடித்துப்போச்சு என்றாள்.

ஆய்வகத்தில் நெஞ்சுக்கறி தினமும் அழகாக வந்துகொண்டிருந்தது. வேறு ஒரு கூடையும் வந்தது, இறக்கைக் கூடை. வியாபாரி இறக்கை வாங்குவதில்லை, அதனால் அதை யாரும் பார்ப்பதில்லை. அவள் ஒருநாள் பார்த்தாள். நுனிகளெல்லாம் சிவந்திருந்தன. கத்திக்குப் பின்னாலும் அடித்துக்கொண்ட இறக்கைகளில்தான் ரத்தம் அப்படி நுனிக்கு ஓடும். பால்போன்ற நெஞ்சுக்கறியைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினால் அடியில் நீர் கோத்திருந்தது. சாகும்வரை போராடிய தசையில் புளிப்பு சீக்கிரம் ஏறும், பிறகு அதால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. பார்வைக்கு ஒரு புள்ளி இல்லாத அந்தக் கறி தட்டில் கிடந்து மெல்ல மெல்லக் கசிந்தது. அவள் துடைத்தாள். மறுபடி கசிந்தது. துணியை வைத்து மூடினாள்.

அண்ணி இறந்ததும் அந்த மேடைக்கு வேறு ஆள் போடவில்லை. சிமிட்டுகிறது என்று சொல்ல ஒருவர் இருந்தால் வரிசை நின்று நின்று போகும். மேடையைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். அதற்கும் அவளிடம்தான் கேட்டார்கள். “பரவாயில்ல, தேவைப்பட்டா பாத்துக்கலாம்” என்றாள்.

ஒரு மாலை கணவன் குளிர்வண்டியை விட்டுவிட்டு வந்து, துணி மடித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தான். தொழிற்சாலைச் சரக்கை ஊர் ஊராக இறக்குகிறவன் அவன். அக்கா விழுந்த அன்று வெகுதூரத்தில் இருந்தான்.

“அக்கா கடைசியா உன்கிட்ட ஏதாவது சொல்லுச்சா?” என்றான். “ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே சாப்பிடுவீங்க. எதையாவது ஆசைப்பட்டுச்சா, கேட்டுச்சா? செய்ய முடிஞ்சா செய்யலாமேன்னு.”

“ஒண்ணும் கேக்கல.”

அவன் தலையாட்டினான். “அதானே. அது யார்கிட்டயும் எதையும் கேக்காது.”

மடித்த சட்டையைப் பிரித்து அவள் மறுபடி மடித்தாள். முகம் காந்தியது.

அண்ணி கேட்டது மட்டும் இல்லை. அதற்குமேல் ஒன்று இருந்தது. அதை அவள் தனக்குள்ளேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

உடை மாற்றும் அறையில் சுருண்டு விழுந்த அண்ணியை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது, நினைவு இல்லை, கூப்பிட்டாலும் கேட்காது என்றார் டாக்டர். வாயில் குழாய், மூக்கில் குழாய். இயந்திரம் மூச்சு விட்டது. கணவன் மருந்து வாங்கப் போயிருந்தான். வார்டில் அவளும் அண்ணியும் மட்டும். முதலாளியிடம் சொல்லாமலே விட்டது கட்டிலருகே நின்றபோது அவளுக்குக் கனத்தது. அதை இறக்கி வைக்க ஒரு வழி தோன்றியது. கேட்காத காதுதானே. குனிந்து சொன்னாள்.

“சொல்லிட்டேன் அண்ணி. கரண்ட்டைக் கூட்டிட்டாங்க. இப்ப எதுவும் சிமிட்டுறதில்ல.”

சொன்னதும் மனசு லேசானது. என்ன தோன்றியதோ, அண்ணி கோழிக்குச் செய்கிற மாதிரியே ஆள்காட்டி விரலை நீட்டி, அண்ணியின் கண்ணோரத்தைத் தொட்டாள்.

அண்ணி சிமிட்டினாள்.

ஒரே ஒரு முறை. மெதுவாக, தெளிவாக.

மணி அடிக்க வேண்டும். நர்ஸைக் கூப்பிட வேண்டும். முழிச்சிருக்காங்க என்று கத்த வேண்டும். அவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். கணவன் வந்து, அக்கா எப்படி இருக்கு என்று கேட்டபோது, அப்படியேதான் என்றாள். மறுநாள் எல்லாம் முடிந்துவிட்டது.

அண்ணியிடம் பொய் சொன்னோம், அது அண்ணிக்குத் தெரியும். அந்தச் சிமிட்டலின் பொருள் இதுதான் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. புரியாத மாதிரி இருப்பதிலும் அவள் தேறியிருந்தாள்.

பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். ஒரு மதியம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். கணவன் கூடத்தில் அயர்ந்திருந்தான். உள்ளறையில் பாப்பா பாயில் மல்லாந்து படுத்திருந்தது. சன்னல் வெயில் அதன் முகத்தில் விழுந்தது. போர்வையை இழுத்துவிடலாம் என்று வாசற்படியில் கால் வைத்தவள் அங்கேயே நின்றாள்.

இறகு வாடை.

பாப்பாவின் இடது கண்ணோரத்தில், இமைத்தோல் ஒரு சின்னக் குழியாக அமுங்கியிருந்தது.

யாரும் இல்லை. விரலும் இல்லை.

குழி மட்டும் இருந்தது.

பாப்பா அசையவில்லை. இமை துடிக்கவில்லை. மூச்சு சீராக, கொஞ்சம் அளவுக்கு மீறியே சீராக வந்தது. குழி காத்திருந்தது, பிறகு மெல்ல எழும்பித் தோல் பழையபடி ஆனது. அந்த இடத்தில் ஒரு துளி நீர் மினுங்கியது.

ஓடிப்போய் வாரி எடுத்தாள். பாப்பா உடனே கண் திறந்தது. தூங்கி எழுந்த கண் இல்லை அது.

“நான் சிமிட்டலம்மா,” என்று அவள் காதில் கிசுகிசுத்தது. குரலில் பெருமை. “தொட்டாங்க, தொட்டாங்க, நான் அசையவே இல்ல. நீ பண்ணுவியே, அதே மாதிரி.”

“நான் என்ன பண்ணுவேன்?”

“தூங்குற மாதிரி. அத்தை தொட்டுப் பாப்பாங்க, நீ தெரியாத மாதிரியே படுத்திருப்ப. நான் பக்கத்துலதானே படுத்திருக்கேன்.”

கூனிக் குறுகிப் போவது என்பார்களே, அது உடம்பால் நடக்கிற காரியம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தோள்கள் தாமாக உள்ளே மடங்கின. பேயைப் பார்த்த பயம் எங்கோ போய்விட்டது. இந்தக் குழந்தை இனி முழித்துக்கொண்டே தூங்கும். பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கும். யாராவது தொட்டுக் கேட்டால் கல்லாகிவிடும். அப்படியே வளரும். சொல்லிக் கொடுத்தவள் அவள்.

மறுநாள் காலை வேலைக்குப் போனவள் ஆய்வகத்துக்குப் போகவில்லை. வெள்ளைக் கோட்டோடு நேராக லைனுக்குப் போனாள். “என்னம்மா, வழி தவறி வந்துட்டீங்களா?” என்றான் மேஸ்திரி. அவள் தொட்டிக்கும் கத்திக்கும் நடுவில், காலி மேடைக்கு எதிரே நின்றாள்.

கொக்கிகள் கிறீச்சிட்டு நகர்ந்தன. தண்ணீர் விர்ரென்று ரீங்கரித்தது. தொட்டியிலிருந்து கோழிகள் நனைந்த தலையோடு எழுந்து வந்தன. கழுத்து தொய்ந்து, கண் பாதி மூடி, எல்லாம் முடிந்துபோனவைபோல்தான் வந்தன.

மேடைக்கு நேராக வந்த முதல் கோழி சிமிட்டியது.

அடுத்தது வந்தது. அதே இடம். சிமிட்டியது.

அடுத்தது.

மேடைக்கு முன்னால் எதுவும் சிமிட்டவில்லை. அதைத் தாண்டியபின்னும் இல்லை. மேடைக்கு எதிரே, சரியாக ஓர் ஆள் கை நீட்டும் தூரத்தில், ஒவ்வொரு கண்ணோரமும் ஒருகணம் அமுங்கி எழுந்தது. ஒவ்வொரு இமையும் பதில் சொன்னது. யாரோ தன் வேலையை ஒருநாளும் விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். மணியடிக்க மட்டும்தான் முடியவில்லைபோலும்.

“தெரியுதா?” என்று மேஸ்திரியைக் கேட்டாள்.

“எது?” என்றான் அவன். அவன் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலாளியின் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனபோது வியாபாரியும் அங்கே இருந்தார். மேசை நடுவில் ஒரு தட்டு நிறைய நெஞ்சுக்கறி. வெள்ளை வெளேரென்று, ஒரு புள்ளி இல்லாமல். தட்டின் அடியிலிருந்து நீர் ஒரு கோடாக மேசை விளிம்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

“வாம்மா, உன்னைத்தான் சொல்லிட்டு இருந்தோம்,” என்றார் முதலாளி. வியாபாரி இதுபோலவே இன்னும் நிறையக் கேட்கிறாராம். இன்னொரு வரிசை போடலாமாம். அதற்கு அவளே பொறுப்பு, அவள் சொன்ன அளவில் ஒரு துளியும் மாற்ற வேண்டாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். அவர் நல்ல மனிதர். அண்ணியின் கருமாதிக்கு வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

பேசிக்கொண்டிருந்த அவருடைய இடது கண்ணோரம் மெல்லக் குழிந்தது.

அவர் பேச்சை நிறுத்தவில்லை. கையை உயர்த்தவில்லை.

சிமிட்டவும் இல்லை.

குழி காத்திருந்து எழும்பியது. வியாபாரியின் கண்ணோரத்தில் போய் அமுங்கியது. அவர் தட்டைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். இமை அசையவே இல்லை. விரல் போன பிறகும் ஒரு துளி நீர் அங்கே தங்கியிருந்தது. அதையும் அவர் துடைக்கவில்லை.

அறைக்குள் நனைந்த இறகின் வாடை எழுந்தது. அது மேசையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தது.

கண்ணாடிச் சுவர் வைத்த அறை, புது வரிசை, கெட்டிக்காரி என்ற பேர், எல்லாம் அவளுக்கு ஒருகணம் நினைவு வந்தது. கூடவே பாப்பாவின் அசையாத இமையும் நினைவு வந்தது.

ஈரமாக, குளிர்ந்து, பொறுமையாக, இடது கண்ணோரத்தில் விரல் வந்து நின்றது.

அவள் சிமிட்டினாள்.

“என்னம்மா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?” என்றார் முதலாளி.

“கோழியெல்லாம் முழிச்சிருக்கு சார்,” என்றாள். “புள்ளி வந்தா வரட்டும், கரண்ட்டைக் கூட்டுங்க. அண்ணி கேட்டாங்க.”